ஐயா பேர்ல எழுதினது

கத்துங்க டீச்சர், நல்லாக் கத்துங்க. இந்த ரூம்ல கத்தாதவங்களே கிடையாது. உங்கப்பா கத்தியிருக்காரு, உங்கண்ணன் கத்தியிருக்காரு, போன எலெக்‌ஷன்ல டெபாசிட் போன ஒருத்தர் இந்தக் கண்ணாடிக் கதவுல தலையைக் கொண்டுபோய் முட்டியிருக்காரு. நீங்க வகுப்புல கத்திப் பழகினவங்க, உங்க கத்தல்ல ஒரு ஒழுங்கு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

முதல்ல உக்காருங்க. அதுல வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்ல, கவுத்து விட்டுரும். இப்படி வாங்க. சார், மச்சினர் சார், இந்தச் சோபாவையும் தூக்கப் போறீங்களா, இல்ல நாங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா? யோசிக்கிறாரு பாருங்க. இதுக்கும் உங்கண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாலும் கேப்பாரு. உங்க அண்ணியோட கூடப்பிறந்தவர், தெரியும்ல? உங்கப்பா போனதும் ஆபீஸை உங்கண்ணன் வீட்டு மாடிக்கு மாத்துறாங்க. காலையிலேர்ந்து இவர் இங்கதான் நிக்கிறாரு. நான் ஏதாச்சும் ஒயரைச் சுருட்டிக் கைப்பையில போட்டுட்டுப் போயிடுவேன்னு காவலு.

சரி, உங்க கேள்விக்கு வரேன். ரெண்டு வருஷமா உங்கப்பா உங்களுக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் அவர் எழுதினதா, நான் எழுதினதா. அதானே? உங்கண்ணன் போன்ல சொல்லிட்டாரு, அப்பா எங்க எழுதினாரு, ஆபீஸ் பொம்பளை எழுதினதுன்னு. அதை என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டே ஆகணும்னு ஸ்கூலுக்கு லீவு போட்டு ரயில் ஏறி வந்துட்டீங்க.

நான்தான் எழுதினேன்.

இல்ல, எழுந்திருக்காதீங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வார்த்தைல வாங்கிட்டுப் போனா எப்படி? முழுசாக் கேட்டுட்டுப் போங்க. உங்கப்பா பேர்ல நான் என்னென்ன எழுதியிருக்கேன்னு கேட்டா, உங்களுக்கு வந்தது ஒண்ணுமே இல்லைன்னு தோணும். மச்சினர் சாரும் கேக்கட்டும். அவங்க வீட்டுக்கு அடுத்து இந்த வேலைக்கு யாரையாச்சும் வைப்பாங்க இல்ல, என்ன வேலைன்னாவது தெரிஞ்சுக்கட்டும்.

என் கார்டைப் பாத்திருக்கீங்களா? டிஜிட்டல் வியூக ஆலோசகர். படிக்கவே வாய் வலிக்கும். எங்க மாமியார் அக்கம்பக்கத்துல, மருமக கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறான்னு சொல்லி வெச்சிருக்காங்க. அதுதான் சரி. தட்டுறேன். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மெத்தைக் கம்பெனியில தட்டிட்டிருந்தேன். உங்கள் நிம்மதி எங்கள் பொறுப்பு, அப்படின்னு ஒரு வரி எழுதினேன், மெத்தை நல்லா வித்துச்சு. அப்புறம் உங்கப்பாவோட மொத தேர்தல்ல, சோம்பேறித்தனம்தான், அதே வரியைத் தூக்கி அவர் படத்துக்குக் கீழ போட்டேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கண்டுபிடிக்கணுமே! அந்த மெத்தையிலேயே படுத்துத் தூங்கினவங்க எத்தனை ஆயிரம் பேர் இந்த ஊர்ல. நேரா வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போனாங்க.

உங்கப்பாவுக்கு முன்னாடி ஒருத்தர். டைல்ஸ் கடைக்காரர். நகரசபைக்கு நின்னாரு. அவர்தான் எனக்கு இந்தத் தொழிலையே கத்துக் குடுத்தாருன்னு சொல்லணும். அவரைச் சாக்கடையில இறக்கினேன். நிஜமாவே இறக்கினேன், கையில மண்வெட்டி குடுத்து. மூணு தடவை வாரினாரு, கேமராக்காரன் போதும்னான், மேல ஏறிட்டாரு. அந்த மூணு வாரலுக்கு அவரைத் தூக்கி வெச்சாங்க சனங்க. ஜெயிச்சப்புறம் சாக்கடை இருக்குற தெருப் பக்கமே போகல மனுஷன். மூக்கு ஆகாதாம். அடுத்த தடவையும் அதே வீடியோவைப் போட்டோம். அடுத்த தடவையும் ஜெயிச்சாரு. அன்னைக்கு எனக்குப் புரிஞ்சுது, இங்க மூளை யாருக்கும் தேவையில்ல, கேமரா இருந்தாப் போதும்.

அதைப் பார்த்துத்தான் உங்கப்பா ஆள் அனுப்பினாரு. அப்போ அவருக்குக் கட்சிக்குள்ள என்ன பேரு தெரியுமா? வீட்ல சொல்லியிருக்க மாட்டாங்க. தூக்கமாத்திரை. மைக்கைப் பிடிச்சா வாய்க்கால், மதகு, ஒதுக்கீடு, போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவுன்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. முன்வரிசையில இருக்குறவங்க வாயைத் திறந்துட்டுத் தூங்குவாங்க. அவ்வளவும் உண்மைதான், ஆனா உண்மையை உக்காந்து கேக்க எவனுக்குப் பொறுமை இருக்கு? நான் வந்து மொத வேலையா அவர் வாயை மூடினேன். இனிமே எந்த மேடையிலயும் ரெண்டு வாக்கியம், அதுக்கு மேல கூடாது ஐயா. ரெண்டு வாக்கியத்துல என்னம்மா சொல்றதுன்னாரு. நான் எழுதித் தரேன்னேன். ஆறே மாசத்துல ஊரு முழுக்க என்ன பேச்சு? அதிகம் பேச மாட்டார், செஞ்சு காட்டுவார். பேச விடாம அடிச்சது நானு, செஞ்சது ஒண்ணும் இல்ல. பேரு மட்டும் அவருக்கு.

சிரிக்கிறீங்க. இல்ல? சரி, சிரிக்கல.

அந்த வெள்ளத்துப் படம் ஞாபகம் இருக்கும். நெஞ்சளவு தண்ணியில நின்னு ஒரு குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருப்பாரே. பத்திரிகைக்காரங்க எல்லாம் மொதப் பக்கத்துல போட்டாங்க. அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? கணுக்கால். குழாய் பதிக்கத் தோண்டி வெச்சிருந்த பள்ளம் ஒண்ணு இருந்துச்சு, அதுல அவரை இறக்கி நிக்க வெச்சேன். ஒரு செருப்பு உள்ளயே போயிடுச்சு. பின்னாடி ஒரு ஆள் சைக்கிள்ல பெல் அடிச்சுட்டுப் போறான், அவனை வெட்டி எடுத்தோம். குழந்தை அந்தத் தெருவுக்காரங்க குழந்தை, தூக்கச் சொல்லிக் குடுத்துட்டு அம்மாக்காரி பக்கத்துல நின்னு போன்ல படம் எடுக்குறா. பள்ளத்துல நின்னுட்டே உங்கப்பா என்னைப் பார்த்துக் கேட்டாரு, இது சரியாம்மான்னு. ஜெயிக்கணுமா ஐயான்னேன். ஜெயிக்கணும்தான்னாரு. அப்போ கையை இன்னும் கொஞ்சம் உசத்துங்கன்னேன். உசத்தினாரு.

என்னைக் கேவலமா நினைக்கிறீங்க, தெரியுது. நினைச்சுக்குங்க. ஆனா அந்தப் படத்துக்குக் கீழ அழுது அழுது எழுதினாங்களே சனங்க, அதுல அந்தத் தெருவுக்காரங்களே எத்தனை பேர்! கணுக்கால் தண்ணியில நின்னு வேடிக்கை பாத்தவங்கதான். வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்ததும் நெஞ்சளவு ஆயிடுச்சு. சொந்தக் கண்ணால பாத்ததை விட்டுட்டு நான் வெட்டி ஒட்டினதை நம்புறவங்களை நான் என்ன சொல்லிக் கும்பிடறது?

எதிர்க்கட்சி மட்டும் என்ன ஒசத்தி? அவங்களுக்கு இதே வேலை பாக்குறவன், அவனும் நானும் மெத்தைக் கம்பெனியில ஒரே மேஜை. ரெண்டு பேரும் டீ குடிக்கப் போவோம். இந்த வாரம் உங்க ஆளைப் பத்தி ஒண்ணு விடப்போறேன், பெருசா எடுத்துக்காதம்பான். சரிடா, வியாழக்கிழமை வேணாம், பையனுக்கு ஸ்கூல்ல நாடகம், நான் பதில் எழுதிட்டு உக்காந்திருக்க முடியாதும்பேன். சரி வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்பான். வெள்ளிக்கிழமை இவங்க தொண்டனும் அவங்க தொண்டனும் நடுரோட்டுல சட்டையைக் கிழிச்சுக்குவானுங்க. நாங்க ரெண்டு பேரும் பிஸ்கட்டை முக்கித் தின்னுக்கிட்டுப் பாப்போம்.

சார், அந்தப் பெட்டியைத் தலைகீழா வைக்காதீங்க, உள்ள பிரிண்டர் இருக்கு. மை கொட்டினா உங்க அக்கா வீட்டுத் தரைதான் போகும். ஆங், அப்படி.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, எழுதறது. பக்கத்து ரூம்ல வரிசையா ஆளுங்களை உக்கார வெச்சிருந்தேன். வேலையே உங்கப்பாவா இருக்குறதுதான். யாராச்சும் ஐயா எனக்குப் பொண்ணு பிறந்திருக்குன்னு போடுவாங்க, அவங்க ஐயாவா மாறி, என் பேத்திக்கு என் ஆசிகள்னு அடிப்பாங்க. உங்கப்பாவுக்கு இப்படி ஊர்ல எத்தனை பேத்தி! அடுத்தவன் அம்மா செத்துட்டாங்கன்னு போடுவான், உங்கள் கண்ணீரை நான் அறிவேன்னு ஒருத்தி சிப்ஸ் தின்னுட்டே அடிப்பா. அந்த அம்மா செத்தவன் அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தான். உங்கப்பா ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துட்டு, யாரும்மா இதை எழுதினதுன்னு என்னைக் கேட்டாரு. நீங்கதான் ஐயான்னேன். தலையாட்டினாரு.

இப்ப சொல்லுங்க. இப்படி ஊருக்கே எழுதிக் குடுத்தவ, அவர் பொண்ணுக்கு எழுத மாட்டேனா?

ஓ. அங்க வரீங்களா. கேளுங்க, கேக்கணும்தான். உங்கம்மா போனப்போ எடுத்த படம். ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல, பெஞ்சுல, முதுகு மட்டும் தெரியற மாதிரி. நீங்க உங்கம்மா பக்கத்துல ராத்திரி பகலா இருந்தீங்க, அவர் பிரச்சாரத்துல இருந்தாரு, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தாரு. வந்து உக்காந்ததும் கேமரா. அதைப் பார்த்துட்டு நீங்க அவர்கிட்டப் பேசறதை நிறுத்திட்டீங்க. தெரியும். உங்க இடத்துல நான் இருந்தா கேமராவைப் பிடுங்கி உடைச்சிருப்பேன். ஆனா படம் எடுத்தாகணும்னு என் உயிரை எடுத்தது யாருன்னு கேளுங்க. உங்கண்ணன். தனிமையில் ஒரு தலைவர்னு தலைப்புக்கூட அவர்தான் சொன்னாரு. அம்மா உடம்பு உள்ள இருக்கு, இவர் வெளிய நின்னு, கறுப்பு வெள்ளையில போட்டா இன்னும் நல்லா இருக்குமாங்குறாரு.

மச்சினர் சார் முகம் போறதைப் பாருங்க. போய்ச் சொல்லுங்க சார், தாராளமாச் சொல்லுங்க. எனக்கு இன்னைக்கோட கணக்கு முடிஞ்சுது.

உங்கண்ணன் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. உங்கப்பாவுக்காவது பள்ளத்துல நிக்கும்போது, இது சரியான்னு ஒரு கேள்வி வந்துச்சு. இவருக்கு வராது. உங்கப்பா கார்லயே, ஒரு கூட்டத்துலேர்ந்து இன்னொரு கூட்டத்துக்குப் போற வழியில மாரடைச்சுப் போனாரு. எனக்குப் போன் வருது. அழுதுட்டுப் பேசுவாருன்னு நினைக்கிறேன். என்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? நான் அழற படம் நல்லா வருமா, இல்ல கறுப்புக் கண்ணாடி போட்டு அழுகையை அடக்குற படம் நல்லா வருமா? கண்ணாடி போடுங்கன்னேன். உங்களுக்கு அழுகை வராதுன்னு சொல்லல. என் தந்தை, என் ஆசான், என் நிழல்னு ஒரு இரங்கல், அதுவும் நம்ம கைங்கரியம்தான். நிழலாம். அப்பன் இருக்குற வரைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை இந்த ஆபீஸ் பக்கம் வருவாரு, அதுவும் கார் நிறுத்த இடம் கிடைச்சா.

இப்ப அப்பா சீட்டுக்கு அவர் நிக்கிறாரு. கையில ஒண்ணும் இல்ல. பேசத் தெரியாது, பேசாம இருக்கவும் தெரியாது. அப்போதான் உங்கப்பா போனைக் குடைஞ்சிருக்காரு. நீங்களும் அவரும் அனுப்பிக்கிட்ட மெசேஜ் எல்லாம் அதுல. மறுநாள் காலையில இங்க ஓடி வராரு, கண்ணெல்லாம் ஜொலிக்குது. கிடைச்சிடுச்சும்மாங்குறாரு. சண்டை போட்டுக்கிட்டுப் போன பொண்ணு, கெஞ்சிக் கெஞ்சிச் சமாதானம் பண்ற அப்பா, கல்லும் கரையும்மா, இதை அப்படியே மேடை மேடையா நான் படிக்கப் போறேன், பின்னாடி திரையில காட்டணும், தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வைக்கணும், அவ அழும்போது ஒரு கேமரா அவ மேலயே இருக்கணும். கேமரா எங்க நிக்கணும்னு காயிதத்துல கோடு போட்டுக் காட்டுறாரு. பெத்த அப்பன் போய் இன்னும் வீட்ல செருப்பைக்கூட எடுத்து வைக்கல.

அப்பத்தான் நான் சொன்னேன். அதெல்லாம் நான் எழுதினது சார், இங்க உக்காந்து. வெளிய போச்சுன்னா நாறிடும். பக்கத்து ரூம்ல வேலை பார்த்தவ எவளாவது, நாங்க எழுதினதுன்னு வாயைத் திறந்தா உங்க கதை கந்தல்னேன். ஆடிப் போயிட்டாரு. அந்தக் கோடு போட்ட காயிதத்தைக் கிழிச்சு அந்தக் குப்பைத்தொட்டியிலதான் போட்டாரு. மச்சினர் சாரும் கூடத்தான் இருந்தாரு அப்போ. இல்லைங்களா சார்? பாருங்க, தலையாட்டுறாரு.

அதுக்கப்புறம் உங்களுக்குப் போன் போட்டு, அப்பா உனக்கு எழுதவே இல்லன்னு சொல்லணும்னு என்ன அவசியமோ அவருக்கு, தெரியல. மேடைக்கு ஆகல, தங்கச்சி மனசையாவது உடைப்போம்னு நினைச்சிருப்பாரு. ஒண்ணையும் வீணாக்க மாட்டாரு.

என்னது? பிழையா?

ஆமா, நீங்க டீச்சர், அதைத்தான் பிடிச்சுக்குவீங்க. வரிக்கு வரி எழுத்துப்பிழை இருந்துச்சே, என்னை மாதிரிப் பொழுதுக்கும் எழுதறவளுக்கு அப்படி வருமான்னு கேக்குறீங்க. உங்கண்ணனும் இதையேதான் கேட்டாரு. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். அந்தப் பிழையெல்லாம் நாங்க வேணும்னே போடறது. பிழையில்லாம எழுதினா ஆபீஸ்ல எழுதினதுன்னு தெரிஞ்சிடும். நாலு எழுத்தைத் தப்பாப் போட்டா, அடடா, வயசான மனுஷன் தானே உக்காந்து அடிச்சிருக்காருன்னு மனசு உருகும். இது தொழில் நுணுக்கம். இதைச் சொன்னதும் உங்கண்ணன் வாயைப் பிளந்துட்டாரு. என்ன மூளைம்மா உனக்குன்னாரு.

அழாதீங்க. அட, அழாதீங்க டீச்சர். இல்ல, சரி, அழுங்க. ஆனா எழுந்து போகாதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா? டம்ளரையெல்லாம் கட்டிட்டாங்க, பாட்டிலோட குடிங்க. என் மேல அவ்வளவு வெறுப்பு இருக்குல்ல, அப்போ இன்னும் ரெண்டு நிமிஷம் உக்காந்து என்னை முறைச்சுட்டே இருங்க. அதுல தப்பே இல்ல.

சார், கீழ லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், கேக்குதா? உங்களைத்தான். கடைசிப் பெட்டி அதுதானே? நீங்களே கூடப் போய் ஏத்திடுங்க, அவன் கம்ப்யூட்டரைத் தூக்கி எறிவான். நாங்க எங்க போகப் போறோம், பொம்பளைங்க அழுதுட்டு மூக்கைச் சிந்திட்டு இருக்கோம். ஆங், போயிட்டு வாங்க. சாவி என்கிட்ட இல்ல சார், உங்ககிட்டத்தான் இருக்கு, பைக்குள்ள பாருங்க.

போயிட்டாரா? எட்டிப் பாருங்க டீச்சர், வாசலுக்குப் பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க. லிஃப்ட் கதவு மூடிச்சா?

மூடிச்சுல்ல. அப்பாடா. தொண்டை வறண்டு போச்சு எனக்கு. அந்தப் பாட்டிலை இப்படிக் குடுங்க.

இப்ப கவனமாக் கேளுங்க, அவர் ஏத்திட்டு வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கணும். நீங்க உள்ள வந்ததுமே அவர் உங்கண்ணனுக்குத் தகவல் சொல்லியாச்சு. வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசினா பின்னாடியே வந்திருப்பாரு. அதான் வளவளன்னு இவ்வளவும் பேசினேன். உங்ககிட்டச் சொன்ன மத்ததெல்லாம் உண்மைதான், பள்ளம், சைக்கிள்காரன், மெத்தை எல்லாம். ஒண்ணுதான் பொய். உங்களுக்கு வந்ததுல நான் ஒரு எழுத்துக்கூட எழுதல.

எழுதித் தரேன்னு கேட்டிருக்கேன். மத்தியானம் சாப்பிட்டதும் இந்த ரூமுக்கு வந்துடுவாரு, அந்த நேரத்துல கட்சிக்காரங்க யாரும் இங்க நுழைய மாட்டாங்கன்னு. ஜன்னலோரமா உக்காந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, ஒத்தை விரலால அடிப்பாரு. ஒரு வரிக்கு அரை மணி நேரம். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வரும். குடுங்க ஐயா நிமிஷத்துல அடிச்சுத் தரேன்னா, போனை நெஞ்சோட அணைச்சுக்குவாரு, பரீட்சையில பேப்பரை மறைக்கிற பிள்ளை மாதிரி.

மாசக்கணக்கா நீங்க பதிலே போடல. சாப்டியா, உடம்பு எப்படி, லீவு எப்போன்னு போட்டுட்டே இருந்தாரு. ஒரு நாள் இங்க நல்ல மழை. இங்க மளை, அங்க மளையான்னு அடிச்சுட்டாரு, அவருக்கு எழுத்து அவ்வளவுதான். அதுக்கு நீங்க ஒரே ஒரு வார்த்தை போட்டீங்க. மழை. அவ்வளவுதான், திருத்தி அனுப்பிச்சீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? கோவத்துலதான் போட்டிருப்பீங்க. அந்த மனுஷன் போனைத் தூக்கிட்டு என் மேஜைக்கு வந்துட்டாரு. பதில் போட்டுட்டாம்மா, பாரு, பாருன்னு. எலெக்‌ஷன்ல ஜெயிச்ச அன்னைக்குக்கூட அந்த மூஞ்சியை நான் பார்த்ததில்ல.

அதுக்கப்புறம் என்ன பண்ணினாருன்னு கேளுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேப்பாரு. ஏம்மா, பள்ளிக்கு எந்த ள? நான் சொல்லுவேன். வாழைப்பழத்துக்கு? சொல்லுவேன். ஓகோன்னு தலையாட்டிட்டு வேற எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பாரு. ஒரு நாள் எனக்குக் கோவம் வந்துடுச்சு. சரியாத்தானே ஐயா சொன்னேன், ஏன் தப்பா அடிக்கிறீங்கன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கல. சரியா எழுதிட்டா அவ எதுக்கும்மா பதில் போடப் போறான்னாரு.

அவ்வளவுதான் விஷயம். இதை உங்கண்ணன் கையில குடுத்து மேடையில மளை மளைன்னு படிக்க விடச் சொல்றீங்களா? ஐயா போனோட காப்பி ஒண்ணு இங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதை அழிச்சாச்சு. உங்கப்பா போன்ல இருக்கறதை, இது நமக்கு ஆபத்து சார்னு சொல்லி உங்கண்ணனை விட்டே அழிக்க வெச்சேன். இப்ப இருக்குறது உங்க போன்ல மட்டும்தான். யார் கேட்டாலும், அது ஆபீஸ்ல எழுதினது, படிக்கவே அருவருப்பா இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்க.

லிஃப்ட் மேல வருது. ஐயோ, கையை விடுங்க டீச்சர், நன்றி கின்றின்னு ஆரம்பிச்சுடாதீங்க. கண்ணைத் துடைக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும். எழுந்து நில்லுங்க. அவர் உள்ள வர்றப்போ என்னை நல்லாத் திட்டிட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போங்க. வந்ததும் கத்தினீங்களே, அதே மாதிரி.